சங்கிலி கட்டி வைத்த பெயர்கள்

சீனிப்பாண்டி செத்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை முத்துமாலை அச்சகத்தின் இரும்புக் கேட்டைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "உக்கார ஏதாச்சும் போடுங்கப்பா, காலு கடுக்குது" என்று கேட்டபோது, அங்கே இருந்த யாரும் அலறவில்லை, ஓடவில்லை, மயங்கி விழவில்லை, பந்தல்காரர் மட்டும் "நாற்காலி ஆளுக்குத் தக்கன எறக்கியிருக்கு, இவரு அதுல சேத்தியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சீனிப்பாண்டி உட்கார்ந்தான். இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரே மூச்சாக விட்டான். எரிக்கும்போது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. மூக்கில் வைத்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தான்.

அங்கே அன்றைக்கு ஒரு கொண்டாட்டம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற கொல்லங்கரிசலில், ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அந்த அச்சகத்தைத் திறந்து, ஒட்டடை அடித்து, வெளியே பந்தல் போட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் கட்டை எழுத்தை வைத்து அச்சடித்துப் பார்ப்பது என்று சென்னையிலிருந்து ஆதிரை என்ற பெண் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தாள். கட்டை எழுத்து என்றால் மரத்தில் செதுக்கிய எழுத்து. சுவரொட்டிக்குப் பெரிய பெரிய எழுத்து வேண்டும்; அவ்வளவு பெரிசை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது; அதனால் மரம். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஏப்ரன், தோளில் துணிப்பை, கையில் ஸ்டீல் தண்ணீர்ப் பாட்டில். ஒவ்வொரு எழுத்தையும் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தார்கள். முதலாளி மகன் தவசி புதுச்சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டான்.

அப்படித் தடவிக்கொண்டே போனவர்களில் ஒருவன் கீழ்த்தட்டில் கையை விட்டு நூல்கட்டு ஒன்றை இழுத்தான். எழுத்துகளை வரிசையாகக் கோத்து, சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டி வைத்த கட்டு, ஒரு முழுச் சுவரொட்டிக்கான வேலை. தூசி தட்டி, மை தடவி, மேலே தாளை விரித்து, உருளையை ஓட்டி எடுத்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று வந்தது. அதற்குக் கீழே சீனிப்பாண்டியின் பேர். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிக்கவில்லை, கேட் சத்தம் கேட்டது.

இந்தச் சத்தத்தை ஜெயக்கொடியும் கேட்டாள். அவள் கொல்லையில் அடுப்புக் கூட்டி, இரண்டு நாள் கூட்டத்துக்கும் சமையல் பொறுப்பு ஏற்று, ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் இதே அச்சகத்தில் மெஷினுக்குத் தாள் போட்டவள் அவள். அவள் புருஷன் சங்கிலி எழுத்துக் கோப்பவன். ஊரில் யார் செத்தாலும், யார் சமைந்தாலும், எந்தக் கோயிலில் கொடை என்றாலும், எந்தக் கட்சி எந்தக் கட்சியைத் திட்டினாலும், சுவரில் ஏறுகிற எழுத்து சங்கிலியின் கை பட்டுத்தான் ஏறும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மெஷினில் சாய்ந்தவன் நிமிரவில்லை. அந்த மாதமே அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அவனைப் பற்றி ஊரில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஜெயக்கொடிக்கு ஒரே ஒரு குறை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. தூக்குவாளி போகும், தூக்குவாளி வரும். ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தும், அவள் சாப்பிடுகிற நேரத்தில் அவன் எவனோ ஒருத்தனின் சாவுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பான். "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்பான். வரமாட்டான். செத்தவனுக்குப் பசிக்காது, அவன் காத்திருக்கலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "செத்தவன் வீட்டுல காத்திருக்க மாட்டாகளே" என்றான். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றால் வாயால் விட்டாள், அவ்வளவுதான்.

சங்கிலியிடம் ஒரு வழக்கம் இருந்தது. அச்சடித்து முடிந்தால் எழுத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் பிரித்து எழுத்து அலமாரியில் அதனதன் சின்ன அறையில் போட வேண்டும், அதுதான் முறை. மற்ற வேலைகளுக்கெல்லாம் அவன் அப்படித்தான் செய்தான். சாவு வேலைக்கு மட்டும் பிரிக்க மாட்டான். நூல் போட்டுக் கட்டி அப்படியே கீழ்த்தட்டில் செருகிவிடுவான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே பேர், அதே ஊர், அதே துக்கம். தலைப்பை மட்டும் மாற்றினால் போதும், இன்னொரு தடவை கோக்க வேண்டாம் என்பது அவன் கணக்கு. ஆனால் அடுத்த வருஷம் அஞ்சலி அடிக்க எத்தனை வீட்டில் வருவார்கள்? பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்களுடைய கட்டெல்லாம் அங்கேயே கிடந்தது.

இதற்குள் உள்ளே அடுத்த கட்டையும் எடுத்து அடித்துவிட்டார்கள். ரோஸ்மேரி டீச்சர் குடையோடு வந்தார். அதற்கடுத்து அரிசிக்கடைக்காரர். அதற்கடுத்து, பஸ் மோதிச் செத்த இரட்டையர் இரண்டு பேர், ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு. பத்தரை மணி டீ வருவதற்குள் நாற்காலி தட்டுப்பாடாகி, பந்தல்காரர் போன் போட்டு இன்னொரு வண்டி வரச் சொன்னார்.

ஊருக்கு விஷயம் போக எவ்வளவு நேரம் ஆகும்? சொந்தக்காரர்கள் தூக்குவாளியோடு வந்துவிட்டார்கள். சீனிப்பாண்டியின் பெண்டாட்டி பாக்கியத்தாய் தோசை சுட்டு எடுத்து வந்தாள். செத்தவர்கள் யாரும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள், கொண்டு வந்ததைக் கொண்டு வந்தவர்களே சாப்பிட்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்து, இவர்களுக்குத் தனியாகக் கழிப்பறை வேண்டுமா என்று கேட்டார்; வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்து, எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். ஒரு போலீஸ்காரர் வந்து, கூட்டம் நடத்த அறுபது பேருக்குத்தான் அனுமதி, இவர்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று மேலே போன் போட்டார்.

"சத்தம் போடுறாங்களா?" என்று கேட்டது போன்.

"இல்ல சார். சும்மா உக்காந்திருக்காங்க."

"அப்ப விடுய்யா."

உண்மையில் அவர்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. வருஷக்கணக்காகப் பார்க்காத முகம் வந்திருக்கிறது, கட்டிப்பிடித்து அழலாம், கோபித்துக்கொள்ளலாம், எத்தனையோ கேட்கலாம் என்று ஓடி வந்தவர்களுக்கு, எதிரே ராத்திரி முழுக்க நின்றுகொண்டே பயணம் பண்ணி வந்த ஆளைப் போல ஒருத்தர் கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் என்னதான் கேட்பது?

"எங்கய்யா இருந்தீரு இத்தன நாளு?" என்றாள் பாக்கியத்தாய்.

"எங்கயும் இல்ல. நின்னுக்கிட்டு இருந்தேன்."

"எங்க நின்னீரு?"

"பஸ் ஸ்டாண்டு கணக்கா ஒரு எடம். வெயிலு. நெழலுமில்ல, பெஞ்சுமில்ல. வார பஸ்ஸெல்லாம் நிக்காமப் போகுது. எங்க பேரக் கட்டிப் போட்டிருக்கு, அத அவுத்தாத்தான் ஏத்துவாகளாம்." சீனிப்பாண்டி முழங்காலைத் தேய்த்தான். "நான் லாரி ஓட்டுனவன், உக்காந்தே பொழைச்சவன். என்னப் போயி நிக்க வச்சுட்டாங்களே."

ஆதிரை நோட்டும் பேனாவுமாக அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "ஐயா, உங்க பேர்ல வர்ற அந்த 'பா' இருக்கே, அந்த வளைவு ரொம்ப அழகு. அது யார் செதுக்கினதுன்னு தெரியுமா?"

"எம்மா, செத்தவங்கிட்டக் கேக்குற கேள்வியாம்மா இது?" என்றான் சீனிப்பாண்டி. அவள் முகம் வாடியதைப் பார்த்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு. எழுதிக்க" என்றும் சொன்னான்.

ஜெயக்கொடி கரண்டியோடு கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டாள். சங்கிலிக்கும் ஒரு கட்டு இருந்தது. அவன் செத்த அன்று அவனுக்கு எழுத்துக் கோக்க வேறு ஆள் இல்லாமல், அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு அவளே கோத்தாள், அவளே மெஷினுக்குத் தாள் போட்டாள், அடித்து முடித்து அவளே நூல் போட்டுக் கட்டினாள். மற்றக் கட்டுகளோடு சேர்த்து வைக்க மனசு வராமல், அவன் துண்டில் சுற்றி, தாள்கட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெங்காயத்துக்குத் திரும்பிப் போகும்போதே அவள் முடிவு பண்ணிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தப் பஸ் கிளம்பிப் போகட்டும். அப்புறம் கேட்டைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு தாள் அடிப்பேன். வருவார். இலை போட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவர் சாப்பிட வேண்டாம். நான் சாப்பிடுகிற வரைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கால் வலித்தால் வலிக்கட்டும்.

சாம்பாருக்கு உப்பு அதிகமாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சண்டை வந்தது. கட்டுகளைப் பிரிக்கக்கூடாது, அப்படியே சென்னைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறோம், தவசி சரி என்று சொல்லியிருக்கிறார் என்றாள் ஆதிரை. கண்ணாடிக்குள்ளயா, அப்ப எங்கய்யா கண்ணாடிக்கு வெளிய நிக்கணுமா என்று அரிசிக்கடைக்காரரின் மகள் கேட்டாள். பிரித்தால் போய்விடுவார்களே, எங்கம்மா இருக்கட்டும், நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ரோஸ்மேரி டீச்சரின் மகன் ஸ்டீபன் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். பாக்கியத்தாய்தான் எல்லாரையும் அடக்கினாள். "அவுக மூஞ்சியப் பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். ஆதிரைகூட நோட்டை மூடிவிட்டாள்.

சரி பிரிப்போம் என்று தவசியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். சீனிப்பாண்டியின் கட்டை அவிழ்த்து, எழுத்துகளைக் கழுவி, அறைகளில் போட்டான். சீனிப்பாண்டி எழுந்தான், எல்லாரையும் கும்பிட்டான், கேட் வரைக்கும் போனான், திரும்பி வந்தான்.

"ஒரு காலு வரமாட்டேங்குது" என்றான்.

தவசி படித்தவன், அகர வரிசைப்படி போட்டிருந்தான். சங்கிலி அந்த அறைகளை அகர வரிசையில் வைத்திருக்கவில்லை. எது அடிக்கடி வேண்டுமோ அது கைக்குப் பக்கத்தில், எது வேண்டாமோ அது மேலே, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் சின்னது, இருட்டு மூலையில் பெரிசு என்று அவன் சவுகரியத்துக்கு அடைத்திருந்தான். எந்த எழுத்து எந்த அறை என்று அவனுக்குத்தான் தெரியும். அறைக்கு மேலே பேர் எழுதி ஒட்டு என்று முதலாளி சொன்னபோதெல்லாம் "இந்தா ஒட்டுறேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் அவன்.

"இதுக்கு சங்கிலி வேணும்" என்றார் அரிசிக்கடைக்காரர், கண்ணைத் திறக்காமலே.

எல்லாத் தலையும் கொல்லைப் பக்கம் திரும்பியது.

"அக்கா, அண்ணாச்சிக்கு நோட்டீஸ் அடிச்சது யாரு?" என்று கேட்டான் தவசி.

"தெரியாது."

"நீங்கதான அடிச்சீங்க? அப்பா சொல்லியிருக்காரு. அந்தக் கட்டு எங்கக்கா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல!" ஜெயக்கொடி கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள். "உசுரோட இருந்தப்ப முழுசா நீங்கதான் வச்சிருந்தீங்க. எவன் செத்தாலும் எம் புருஷனத்தான் கூப்பிட்டீங்க. ஒரு பொங்கல் உண்டா, ஒரு தீவாளி உண்டா? இப்ப செத்தும் ஒங்களுக்கே வேல பாக்க வரணுமா? அந்த மனுசங்கிட்ட எனக்குன்னு ஒரு நேரம் கெடையாதா?"

பாக்கியத்தாய் வந்து அடுப்புக்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விறகைத் தள்ளி விட்டாள். "ஒன் வீட்டுக்காரரும் அங்கதான நிப்பாரு, ஜெயக்கொடி" என்றாள்.

ஜெயக்கொடிக்கு அது தோன்றவே இல்லை. இத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு, அந்த வெயிலில், அந்த நிழலில்லாத இடத்தில், ஆறு வருஷமாக அவனும் நிற்கிறான் என்று தோன்றவில்லை. கட்டியது அவள்.

எழுந்து போய், தாள்கட்டுக்குப் பின்னாலிருந்து துண்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. மை தடவி, தாளை விரித்து, உருளையை அவளே ஓட்டினாள்.

எல்லாரும் கேட்டைப் பார்த்தார்கள். சங்கிலி கேட் வழியாக வரவில்லை. உயிரோடு இருந்தபோது எப்படி வருவானோ அப்படியே, பின்வாசல் வழியாக, லுங்கியை மடித்துக் கட்டி, காதில் பென்சிலோடு வந்தான். அவள் வழிமறித்த மாதிரி நின்றாள். அவளைத் தாண்டி, எழுத்துக் கோக்கிற கல்மேடையைப் பார்த்தான். அதன்மேல் மையோடு பரந்து கிடந்த கட்டுகளைப் பார்த்தான்.

"மண்ணெண்ண இருக்கா?" என்று கேட்டான்.

ஆறு வருஷம் கழித்து வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது. ஜெயக்கொடி போய் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து டொம்மென்று வைத்தாள்.

அதற்குள் நாற்காலிகளிலிருந்து கிளம்பிவிட்டது. "ஏலே சங்கிலி, பிரிச்சுப் போட ஒனக்கு என்னலே கேடு?" என்றான் சீனிப்பாண்டி. "பன்னெண்டு வருஷம்யா! பன்னெண்டு வருஷம் நின்னுருக்கேன்" என்றார் அரிசிக்கடைக்காரர். இரட்டையர் இரண்டு பேரும் ஒரே குரலில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ரோஸ்மேரி டீச்சர் மட்டும் "செய்ற வேலையை அன்னன்னைக்கே செய்யணும்னு அஞ்சாம் வகுப்புலயே உனக்குச் சொன்னேன்" என்றார்.

"தப்புத்தான் டீச்சர்" என்றான் சங்கிலி. வேறு என்ன சொல்வான்? ஏற்கெனவே உடம்பு அசந்து போய் வந்தவன், ஒரு நிமிஷம்கூட உட்காராமல் முதல் கட்டின் முடிச்சில் கை வைத்தான்.

அந்தச் சனிக்கிழமை மிச்சமும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அவன் பிரித்தான், தவசி தப்பாகப் போட்டிருந்ததையும் எடுத்து அறை மாற்றிப் போட்டான். அவன் அவிழ்க்க, ஆதிரையின் ஆட்கள் கழுவ, ஜெயக்கொடி துடைத்துக் கொடுக்க, அவன் வாங்கி அறையில் போடுவான், கட்டை கட்டையில் இடிக்கும், டொக் என்று ஒரு சத்தம், அடுத்தது. கண்ணீருக்கு ஒரு கை, அஞ்சலிக்கு ஒரு கை, ஊர்ப்பேருக்கு ஒரு கை, மகன் மகள் மருமகன் பேரன் பேத்திக்கு ஒரு கை, டொக், டொக், டொக். கடைசி எழுத்து விழுந்ததும் நாற்காலியில் இருப்பவர் எழுந்திருப்பார். முழங்காலைப் பிடிக்காமல் எழுந்திருப்பார், அதில்தான் தெரியும்.

"பின்னாடி டயர மாத்துனியா?" என்று கேட்டான் சீனிப்பாண்டி, போகிற போக்கில்.

"லாரிய வித்து எட்டு வருஷமாச்சு" என்றாள் பாக்கியத்தாய்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனான். போனவன் திரும்பவில்லை. பாக்கியத்தாய் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தோசைத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஸ்டீபன்தான் கட்டைக் கொடுக்கமாட்டேன் என்று ராத்திரி அங்கேயே படுத்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் குடையை மடக்கிக் கையில் மாட்டிக்கொண்டு, "ஸ்டீபன், பெல் அடிச்சாச்சு" என்றார். ஐம்பது வயது ஆள், கொண்டு வந்து கொடுத்துவிட்டான்.

ஆதிரையும் அவள் ஆட்களும் எழுத்தின் அழகைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, கையெல்லாம் மண்ணெண்ணெய் எரிச்சல், இடுப்பு ஒடிந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அவள் ஜெயக்கொடியிடம் வந்து நின்றாள்.

"இதையெல்லாம் எப்படி எழுதுறதுன்னே தெரியலக்கா."

"எழுதாத. போயித் தூங்கு" என்றாள் ஜெயக்கொடி.

பஸ் போனது. பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஏற்றிக்கொண்டு போனார். தவசி சாவியை ஜெயக்கொடியிடம் கொடுத்துவிட்டுப் போனான். வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. கல்மேடையில் ஒரே ஒரு கட்டு இருந்தது.

சங்கிலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூலை விரலால் சுண்டினான்.

"யாரு கட்டுனது?"

"நாந்தேன்."

"முடிச்சு நல்லா எறுக்கமாப் போட்டிருக்க."

கல்யாணமானதிலிருந்து அவன் அவளைப் பாராட்டியது இது ஒன்றுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்குட்டி கட்டுன? பிரிச்சுப் போட வேண்டியதுதான?"

"நீங்க எல்லாத்தையும் கட்டித்தான வைப்பீங்க? எழுத்தப் பிரிக்காமக் கட்டி வைக்கிறது செத்தவுகளுக்குச் செய்ற மரியாதைன்னு நெனச்சேன். அதான் ஒங்களுக்கும் செஞ்சேன்."

சங்கிலி நூல்முனையைக் கையிலிருந்து விட்டான்.

"மரியாதையா?" என்றான். "சோம்பேறித்தனம்ட்டி அது."

அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த தயிர்ச்சோற்றை வழித்து இலையில் போட்டு, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். "நான் சாப்பிடுற வரைக்கும் இப்படி உக்காருங்க" என்றாள். கேட்ட மாதிரி இல்லை. கட்டளை போட்ட மாதிரி இருந்தது. அவன் கல்மேடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இந்தா வாரேன்" என்று சொல்ல வாய் போனது. சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் தேவைக்கு மேல் மென்றாள். அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேச நிறைய இருக்கும் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தாள், ஒன்றும் இல்லை. அவன் மேல் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. "உப்பு தூக்கலா?" என்று ஒரு தடவை கேட்டான். "நேத்து சாம்பாருலதேன்" என்றாள். அவ்வளவுதான். இலை காலியானதும் அதை மடிக்காமல் வைத்துக்கொண்டு, மடித்தால் சாப்பாடு முடிந்துவிடும் என்று, அப்படியே தாள்கட்டின்மேல் தலையைச் சாய்த்தாள். இரண்டு நாள் அடுப்பில் நின்ற உடம்பு. கண்ணை மூடியது அவளுக்கே தெரியாது.

முழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்தில் அவன் இல்லை. இலையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். கல்மேடையில் கட்டு இல்லை; நூல் ஆணியில் சீராகச் சுற்றித் தொங்கியது; எழுத்துகள் கழுவித் துடைத்து அறைகளில் போய்ச் சேர்ந்திருந்தன. அறைகளுக்கு மேலே வரிசையாகப் பென்சிலில் எந்த எழுத்து எங்கே என்று எழுதியிருந்தது. அவள் கையால் பிரிக்க விடக்கூடாது என்று அவனே தன் கட்டைப் பிரித்திருக்கிறான். யாரும் சொல்லாமல் அவன் தானாகப் பிரித்த ஒரே சாவு வேலை அதுதான், அதையும் முழுசாக முடிக்கவில்லை. மேடை ஓரத்தில் ஒரு எழுத்து மிச்சம் கிடந்தது. பிரியப் பிரிய அவனும் கரைந்து, கை அதற்குமேல் ஓடியிருக்காது. எடுத்துப் பார்த்தாள். மரம் சுடு டீ டம்ளர் மாதிரி சூடாக இருந்தது.

அதைப் போட வேண்டிய அறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜெயக்கொடி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டைப் பூட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பின்னால் செருப்புத் தேயும் சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. தெரிந்த செருப்புதான். அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. நாளைக்குக் காலையிலும் வரும், நாளை மறுநாளும் வரும் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பில் சூடு இதமாக இருந்தது.

டவுன் பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்தது. முண்டியடித்து ஏறினாள். கண்டக்டர் அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவரு ஒங்ககூட வந்தவராம்மா?"

"ஆமா."

"ஒங்களுக்கு ஃப்ரீ. அவருக்கு டிக்கெட் எடுக்கணும்."

"அவரு செத்துட்டாருங்க."

"ஆம்பளைக்கு எடுக்கணும்மா. எனக்கு எழவு செக்கிங் இருக்கு" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சங்கிலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பாதிதான் இருந்தான் என்று சொல்ல வேண்டும். முகம் தெரிந்தது, கை தெரிந்தது, மற்றதெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகக் கலங்கிப்போய் இருந்தது. அவன் அவளைக் குறை சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. அவளையே பார்க்கவில்லை. ஒரு சீட்டைப் பார்த்தான். அதில் ஒரு பொம்பளை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த சீட்டைப் பார்த்தான். அதிலும் ஆள். அதற்கடுத்ததைப் பார்த்தான். கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்தான்.

"நிப்பாட்டுங்க, எறங்கணும்" என்றாள் ஜெயக்கொடி.

"இப்பத்தானம்மா ஏறுன?"

"நிப்பாட்டுங்கன்னேன்!"

வந்த வழியே திரும்பி நடந்தாள். செருப்புச் சத்தம் கூடவே வந்தது, நடு நடுவே நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளும் நின்று காத்திருந்தாள். கேட்டைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள், இடுப்பிலிருந்து எழுத்தை எடுத்தாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பென்சிலில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்து, அந்த அறையில் போட்டாள்.

டொக்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. பூட்டைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப நிறுத்தத்துக்குப் போனாள்.

அடுத்த பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தபோது, "எனக்கு மட்டுந்தேன்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்னாலேயே. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் சீட்டில் இரண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தார்.